விட்ட இடம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு விளக்கு இரவும் பகலும் அணையாமல் எரிகிறது. முதன்முறையாக வருகிறவர்கள், மரப்பலகைகளின் இடுக்கு வழியே கசியும் அந்த மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்து, உள்ளே சுவாமி படம் இருக்கிறது என்று எண்ணிக் கைகூப்ப முற்படுவதுண்டு. அது பூஜை விளக்கு அன்று. ஒரு பழைய பியானோவின் அடிவயிற்றில் தொங்கவிடப்பட்டிருக்கும் சாதாரணக் குண்டு பல்பு. வங்காளத்து மழைக்காலக் காற்றில் உள்ள ஈரம் மரத்தை ஊதச் செய்யும், தந்திகளில் துருவேற்றும், அழுத்திய கட்டை எழும்பாமல் ஒட்டிக்கொள்ளும். அந்த ஈரத்தைச் சிறிது சூட்டினால் விரட்டுவது, நம் நாட்டில் பியானோ வைத்திருந்தவர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வந்த எளிய உபாயம். இந்நாளைய எல்.இ.டி. விளக்குகள் ஒளி தருகின்றனவே தவிரப் போதிய சூடு தருவதில்லை. ஆகவே இழை பல்புகளைத் தேடி அலைந்து, லேக் மார்க்கெட் கடை ஒன்றில் அரை டஜன் வாங்கிப் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

அறுபத்தோராம் வயதில் ஒருவன் பியானோ வாங்குவானா என்று உறவினர் பலர் கேட்டார்கள். சிலர் என்னிடம் கேட்டார்கள். பலர் என் மனைவியிடம் கேட்டார்கள். அவள் சொன்ன விடை என்னவென்று அப்போது நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் பிறந்தது 1956-ல், பாளையங்கோட்டையில். தந்தையார் ஒரு மிஷன் பள்ளியில் கணக்கராக இருந்தார். பள்ளியின் பெரிய மண்டபத்தில் ஒரு பியானோ இருந்தது. காலை ஜெபத்துக்கு அதை வாசித்த ஆசிரியை, தாம் விடுப்பில் செல்லும் நாட்களில் வாசிக்க ஆள் வேண்டுமென்று இரண்டு பையன்களைத் தேர்ந்தெடுத்துப் பழக்கினார். அவர்களில் ஒருவன் நான். சைவக் குடும்பத்துப் பையன் பாமாலைப் பாட்டு வாசிக்கலாமா என்ற கேள்வி வீட்டில் எழுந்தது. "பாட்டுக்குப் பாட்டு, படிப்புக்குப் படிப்பு" என்று தந்தையார் முடித்து வைத்தார்.

அந்த மண்டபத்தில் கற்ற முதல் பாடம் இன்றும் நினைவிருக்கிறது. தமிழ்ச் சீர்திருத்தக் கிறிஸ்தவர்களிடம் பாமாலை, கீர்த்தனை என்று இருவகைப் பாட்டுகள் உண்டு. பாமாலை மேல்நாட்டு மெட்டில் அமைந்தது; பியானோவில் கச்சிதமாக உட்காரும். கீர்த்தனையோ தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் முதலானோர் நம் இராகங்களில் இயற்றியது. அதைப் பியானோவில் வாசித்தால் ஏதோ குறையும். ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே இருப்பதெல்லாம் விழுந்துபோகும். "இந்தப் பெட்டிக்குப் படியேறத் தெரியும், வழுக்கத் தெரியாது" என்பார் ஆசிரியை.

ஏழு ஆண்டுகள் கற்றேன். பாக் என்னும் ஜெர்மானிய மேதை எழுதியதாகச் சொல்லப்பட்ட ஒரு சிறு நடன மெட்டு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மும்மூன்று அடிகளாக நடப்பது. மொத்தம் முப்பத்திரண்டு ஆவர்த்தனம். 1973-ல் பள்ளி முடிந்த கடைசி நாள் மாலையில் அதைத்தான் வாசித்தேன். பிறகு கல்லூரி, 1976-ல் மத்திய அரசின் தணிக்கைத் துறையில் வேலை, நாகபுரி, ராஞ்சி, கட்டக் என்று மாற்றல்கள், கடைசியில் 1998-ல், அப்போது கல்கத்தா என்றே பெயர் கொண்டிருந்த இந்த நகரம்.

இந்த மலரைப் படிக்கும் குடும்பங்களுக்கு மாற்றல் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை வீட்டைப் பிரித்துப் பெட்டியில் அடைத்து, இன்னோர் ஊரின் இரண்டு அறைக் குடியிருப்பில் மீண்டும் கூட்டி வைக்கிறோம். ஆட்டுக்கல் கூட வருகிறது; காப்பி அரைக்கும் இயந்திரம் வருகிறது. எது வருவதில்லை என்று கணக்குப் பார்த்தால், கையும் மனமும் பழகிய பழக்கங்கள்தாம் வருவதில்லை. "அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்" என்பது நம் போன்றவர்களின் வாழ்க்கையில் அதிகம் சொல்லப்பட்ட வாக்கியமாக இருக்கக்கூடும்.

நாற்பத்து மூன்று ஆண்டுகள் நான் ஒரு பியானோவையும் தொடவில்லை. ஆனால் தொடவில்லை என்பதைப் பற்றி நிறையப் பேசினேன். விருந்துகளில், அலுவலக நண்பர்களிடையே, குழந்தைகளிடம், "நான் மட்டும் விடாமல் இருந்திருந்தால்" என்று தொடங்குவேன். விட்டுப்போன ஒன்றைப் பற்றிப் பேசுவதில் ஒரு சுகம் இருக்கிறது. அதற்குப் பயிற்சி தேவையில்லை.

2016-ல் ஓய்வு பெற்றேன். மறு ஆண்டு பார்க் சர்க்கஸ் பக்கத்தில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயரப் போகிறது, பியானோவை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். வீட்டுக்கார அம்மாள், "கொண்டுபோக முடியாதவற்றில் இதுதான் பெரியது" என்றார். அந்தச் சொல் எனக்குப் புதியதாக இல்லை. என் ஓய்வூதியத்தில் இரண்டு மாதத் தொகைக்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்து வாங்கினேன். எட்டுக் கூலியாட்கள் கயிறு கட்டி முதல் மாடிக்கு ஏற்றினார்கள்.

ஏன் எட்டுப் பேர் என்று அன்றுதான் விளங்கிற்று. வெளியே பார்ப்பதற்கு அலமாரி போல் இருக்கும் அதனுள்ளே ஒரு வார்ப்பிரும்புச் சட்டம் இருக்கிறது. இருநூறுக்கும் மேற்பட்ட எஃகுத் தந்திகள் அதில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. எல்லாத் தந்திகளின் இழுவிசையையும் கூட்டினால் பதினைந்து டன்னுக்கும் மேல் வரும். கட்டைகள் மொத்தம் 88. வெள்ளை 52, கறுப்பு 36. ஒரு கட்டையை அழுத்தினால் கம்பளி போர்த்திய சிறு சுத்தியல் ஒன்று பாய்ந்து தந்தியைத் தட்டிவிட்டு உடனே பின்வாங்குகிறது. இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரத்துக் கைவினைஞர் கிறிஸ்டோஃபோரி சுமார் 1700-ல் கண்ட உபாயம் இது. அதற்கு முன்பு பெரிதும் வழங்கிய ஹார்ப்சிகார்டில் விரலின் அழுத்தம் ஓசையின் அளவை மாற்றாது. இதில் மெல்லத் தொட்டால் மெல்லவும், ஓங்கித் தொட்டால் ஓங்கியும் ஒலிக்கும். தொடுகிறவனின் மனநிலையை ஒளிக்க முடியாத வாத்தியம்.

சுருதி கூட்ட ஒரு முதியவர் வந்தார். முன்பலகையைக் கழற்றிப் பார்த்துத் தலையை ஆட்டினார். பல சுத்தியல்களின் கம்பளியைப் பூச்சி அரித்திருந்தது. அடிப்பலகையின் ஒரு மூலையில் கரையான் வந்து போன தடம். நடுவில் உள்ள இரண்டு ஸ்தாயிகள் மட்டும் ஓரளவு நன்றாக இருந்தன. "வாசிக்கிற இடத்தில் பூச்சி தங்காது. இதை வாசித்துக் கெடுக்கவில்லை, மூடி வைத்துக் கெடுத்திருக்கிறார்கள்" என்றார் அவர். பல்பு தொங்கவிடச் சொன்னவரும் அவர்தான்.

செப்பனிட இரண்டு மாதம் பிடித்தது. பிறகு ஒரு நாள் காலையில், வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து உட்கார்ந்தேன். அந்த நடன மெட்டைத் தொடங்கினேன். முதல் எட்டு ஆவர்த்தனத்தை விரல்கள் தாமே வாசித்தன. என்னைக் கேட்கவே இல்லை. நாற்பத்து நான்கு ஆண்டு மூட்டைக்கடியில் கிடந்த ஒன்று மடிப்புக் கலையாமல் வெளியே வந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது என்று எழுதினால் அது மிகையன்று. ஆனால் ஒன்பதாவது ஆவர்த்தனத்தில், "இனி இடக்கை எங்கே போக வேண்டும்?" என்று ஒரு கணம் யோசித்தேன். அவ்வளவுதான். யோசித்தவுடன் எல்லாம் நின்றுபோயிற்று. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன். மீண்டும் அதே இடத்தில் நின்றது. அன்று இருபது முறையாவது அந்த வாசற்படி வரை சென்று திரும்பியிருப்பேன்.

கை கற்றது வேறு, நான் அறிந்தது வேறு என்பது அப்போது தெரிந்தது. சைக்கிள் ஓட்டுவதும் நீந்துவதும் மறப்பதில்லை என்கிறோமே, அந்த வகை நினைவு கைகளில் நீண்டகாலம் தங்குகிறது. ஆனால் அது சங்கிலி போன்றது. ஒரு கண்ணி அறுந்தால் நடுவிலிருந்து எடுக்க வராது. அறுந்த இடத்தைப் புதிதாகக் கற்றுத்தான் ஒட்ட வேண்டும். அறுபதில் அது பத்து வயதில் போல் எளிதன்று.

ஆசிரியை ஒருவரைத் தேடினேன். 1915 முதல் கல்கத்தா ஸ்கூல் ஆஃப் மியூசிக் இயங்கிவரும் நகரம் இது. பியானோ கற்பிக்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. கிடைத்தவர் இருபத்தாறு வயது வங்காளிப் பெண். என் மகளை விட இளையவர். என்னைக் "காகு" என்று அழைப்பார். மரியாதை குறையாமல், பிழையும் விடாமல் திருத்துவார். முதல் நாளே மூன்று காரியங்கள் சொன்னார். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வேண்டாம். காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம். இரண்டு கைகளையும் தனித்தனியே, பாதி வேகத்தில். வலித்தால் அக்கணமே நிறுத்த வேண்டும். "ஷூமான் கதை தெரியுமல்லவா, காகு?" என்று கேட்டார். பெரிய பியானோ வித்துவானாக வேண்டும் என்று விரும்பிய ஷூமானுக்கு 1830-களின் தொடக்கத்திலேயே வலக்கை விரல் செயலிழந்தது. அதன்பின் அவர் சாகித்யம் இயற்றுவதையே வாழ்வாகக் கொண்டார். மோதிர விரலின் நரம்பும் தசைநாரும் பக்கத்து விரல்களோடு பிணைந்தவை. அது தனித்து உயர மறுப்பது சோம்பலால் அன்று, உடலின் அமைப்பால். அறுபது ஆண்டு சுமந்த விரலைப் பற்றி அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

கண்ணாடிச் சங்கடம் வேறு. படிக்கிற கண்ணாடிக்குத் தாள் தொலைவில் இருக்கிறது. தூரக் கண்ணாடிக்கோ அருகில் இருக்கிறது. இரட்டைக் கண்ணாடி அணிந்தால் தலையை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கிறது. கண் மருத்துவரிடம் சென்று, பியானோவின் முன் உட்காரும் தூரத்தை நூலால் அளந்து கொடுத்து, அதற்கென ஒரு தனிக் கண்ணாடி வாங்கினேன். வயது சென்றபின் இசைக்குத் திரும்ப நினைப்பவர்கள் முதலில் செய்ய வேண்டிய காரியம் இதுதான் என்பேன்.

புதிதாக வாங்கிய புத்தகத்தில் என் பழைய மெட்டைத் தேடினேன். மெட்டு இருந்தது. மேலே பாக் பெயர் இல்லை. பெட்சோல்ட் என்று இருந்தது. பாக் தம் மனைவி அன்னா மக்தலேனாவுக்காக 1725-ல் தொடங்கிய குறிப்பேட்டில் இம்மெட்டு காணப்படுகிறது. அதனால் அவருடையதென்றே வழங்கி வந்தது. டிரெஸ்டன் நகரத்து ஆர்கன் வித்துவான் கிறிஸ்டியான் பெட்சோல்ட் இயற்றியது அது என்று 1970-களில்தான் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்களாம். நான் வாசிப்பதை விட்ட அந்தப் பத்தாண்டிலேயே! என்னிடம் அப்படியே பத்திரமாக இருக்கிறது என்று நான் நம்பியிருந்த பொருளின் பெயர்கூட நான் இல்லாத வேளையில் மாறிப் போயிருந்தது.

விட்ட இடத்திலிருந்து தொடர்வது என்று பேச்சு வழக்கில் சொல்கிறோம். விட்ட இடம் என்று ஒன்று கிடையாது. அது நமக்காகக் காத்துக்கொண்டு நிற்பதில்லை. இதை நான் பியானோவிடம் பாதிதான் கற்றேன். மறுபாதியைக் கற்றது வேறோர் இடத்தில்.

ஒரு மாலை வாசித்துக்கொண்டிருந்தபோது, சமையலறையிலிருந்து என் மனைவி, "காந்தாரம் கொஞ்சம் தூக்கலாக நிற்கிறதே, அந்தப் பெட்டி அப்படித்தானா?" என்று கேட்டாள். நான் திகைத்தேன். சுருதி கூட்டுபவர் அதற்கு முந்திய வாரம்தான் வந்து போயிருந்தார். மறுமுறை அவர் வந்தபோது கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "அம்மாவின் காது சரி, பியானோவும் சரி" என்றார். பியானோவில் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்திருக்கிறார்கள். எந்தக் கட்டையை ஆதார சட்ஜமாக வைத்தாலும் வாசிக்க வேண்டும் என்பதற்காகச் செய்துகொண்ட சமரசம் அது. அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளியை 100 பங்கு என்று கொண்டால், பஞ்சமம் இயற்கையான இடத்தைவிட 2 பங்குதான் இறங்கியிருக்கும், காதுக்குத் தெரியாது. ஆனால் அந்தர காந்தாரம் ஏறத்தாழ 14 பங்கு ஏறி நிற்கும். தம்பூராவில் வளர்ந்த காதுக்கு அது உறுத்தும்.

தம்பூராவில் வளர்ந்த காது! என் வீட்டில் அப்படி ஒரு காது இருந்தது எனக்கு ஏறக்குறைய மறந்தே போயிருந்தது. அவள் கும்பகோணத்தில் பத்து ஆண்டுகள் பாட்டுக் கற்றவள். 1982-ல் எங்களுக்குத் திருமணம் ஆனபோது, சீர் வரிசையோடு ஒரு கைத்துருத்திச் சுருதிப் பெட்டியும் வந்தது. நாகபுரிக் குடியிருப்பில் விடியற்காலையில் அரை மணி நேரம் பாடுவாள். 1986-ல் ஒரு நாள், தணிக்கைச் சுற்றுப் பயணம் முடித்து இரவு வண்டியில் வந்திறங்கியிருந்தேன். தலைவலி. "இன்றைக்கு வேண்டாமே" என்றேன்.

நான் சொன்னது அந்த ஒரு நாளைக்கு. அவள் மறுநாளும் பாடவில்லை. அதற்கு அடுத்த நாளும் பாடவில்லை. சுருதிப் பெட்டி பரணுக்குப் போயிற்று. பிறகு ஊர் ஊராகப் பரணிலிருந்து பரணுக்கே சென்றது. "நான் ஒரு நாளைக்குத்தான் சொன்னேன்" என்று திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. வீடு அமைதியாக இருந்தது எனக்கு வசதியாக இருந்தது. அதுதான் உண்மை. நான் பியானோவை விட்டதை நாடெங்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவள் பாட்டை விட்டதை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. என்னை விடச் செய்தது பிழைப்பு. அவளை விடச் செய்தவன் நான்.

காந்தாரத்தைப் பற்றி அவள் கேட்ட அன்று இரவு, இதையெல்லாம் சொல்லி, "நீயும் மறுபடி தொடங்கேன்" என்றேன். எழுதும்போது எளிதாகத் தோன்றும் இந்தச் சொற்களைச் சொல்ல எனக்கு வெகுநேரம் பிடித்தது. அவள் உடனே விடை சொல்லவில்லை. துவைத்த துணிகளை மடித்து முடித்தாள்.

"உங்கள் பெட்டிக்குத் தந்தி மாற்றலாம்; கம்பளி மாற்றலாம். என் பெட்டி இது" என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். "மேல் சட்ஜம் போய்ப் பத்து வருஷம் ஆயிற்று. எனக்கு எது வராது என்று எனக்குத் தெரியும். அதைத் தினம் காதால் கேட்க வேண்டுமா?"

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

முதுமையில் கலைக்குத் திரும்புவதைப் பற்றி உற்சாகமாக எழுதுவது வழக்கம். இந்த நகரத்தில் அதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தாகூர், கையெழுத்துப் பிரதியில் அடித்த சொற்களைக் கோடுகளால் இணைத்து உருவங்களாக்கத் தொடங்கி, அறுபதுக்கு மேல் ஓவியத்தில் தீவிரமாக இறங்கினார். 1930-ல் பாரிஸில் அவருடைய படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டபோது அவருக்கு அறுபத்தொன்பது வயது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை விட்டுச் சென்றார். உண்மைதான், ஊக்கம் தரும் செய்திதான். ஆனால் அது புதிதாகத் தொடங்கியவரின் கதை. ஒன்றை நன்றாகச் செய்துகொண்டிருந்து, விட்டு, அதன் சிறப்பு இன்னதென்று அறிந்த காதோடு திரும்புகிறவரின் நிலை வேறு. நன்றாகக் கற்றவர்களுக்கே திரும்புவது அதிகக் கடினம். நான் எளிதாகத் திரும்பியதற்கு ஒரு காரணம், நான் ஒருபோதும் பெரிய வாசிப்புக்காரனாக இல்லாததே. அவள் பாட்டுக்காரியாக இருந்தாள்.

நம் வட்டாரத்து நண்பர் ஒருவர், பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், மிருதங்கத்துக்குத் திரும்பினார். தொப்பிப் பக்கம் ரவை பிசைந்து அப்புவதற்குக்கூடக் கை பழைய பதம் அறிந்திருந்ததாம். ஆனால் வலந்தலையில் வேகம் வரவில்லை. ஆறு மாதம் மனம் நொந்தபின் வித்துவான் கனவை விட்டுவிட்டு, இப்போது சங்கத்தில் குழந்தைகள் பாடும்போது மட்டும் மெதுவாக வாசிக்கிறார். "முன்பு நான் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன், இப்போதுதான் பாட்டைக் கேட்கிறேன்" என்றார். இந்த வயதின் பயன் அதுவாக இருக்கலாம்.

என் மனைவியிடம் நான் மறுபடி வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால், நிறுத்தச் சொன்னவனே தொடங்கவும் சொல்கிறான் என்றாகும். ஆனால் சில வாரங்கள் கழித்து, நான் வாசித்துக்கொண்டிருக்கையில், அவள் கூடத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். தொடையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். வாசித்து முடித்ததும், "மெட்டு சங்கராபரணத்து ஏணிதான், ஏறி இறங்குகிறது. தாளம்தான் சரியில்லை. இரண்டாவது தட்டிலேயே ஓடுகிறீர்கள். தகிட, தகிட என்று மனசுக்குள் சொல்லுங்கள். மூன்றும் ஒரே அளவு" என்றாள்.

ஆசிரியையும் அதையேதான் இரண்டு மாதமாகச் சொல்லி வந்தார், எனக்கு உறைக்கவில்லை. 'தகிட' என்றதும் உறைத்தது. பிறகு அவள் சிறு வயதில் நோட்டு சுவரங்கள் பாடியதைச் சொன்னாள். ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியத்தில் கேட்ட மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் வடமொழியில் சாகித்யம் அமைத்தார். பெரும்பாலும் சங்கராபரண சுவரங்கள். நம் வீடுகளில் குழந்தைகளுக்கு ஆரம்ப நாளில் சொல்லித் தருவதுண்டு. "நானும் உங்கள் பெட்டிப் பாட்டிலிருந்துதான் தொடங்கியிருக்கிறேன்" என்று சிரித்தாள். பாளையங்கோட்டை மண்டபத்தில் நானும் கும்பகோணத்துத் திண்ணையில் அவளும் ஒரே ஏணியில் நின்றிருக்கிறோம். திருமணமாகி முப்பத்தைந்து ஆண்டுக்குப் பின் அது எங்களுக்குத் தெரிய வந்தது.

இப்போது மாலை இருபது நிமிடம் அவள் தாளம் போடுகிறாள். ஒன்பதாவது ஆவர்த்தனம் தாண்டி, முப்பத்திரண்டும் வாசிக்கிறேன். பாதி வேகத்துக்குச் சற்று மேல். பதினேழு வயதில் வாசித்த துடிப்பு இல்லை. அது வரப் போவதுமில்லை. ஆனால் அந்நாளில் நான் கேளாத ஒன்றைக் கேட்கிறேன்: இடக்கை வலக்கைக்கு விடை சொல்லிக்கொண்டே வருகிறது. இளமையில் மேல் வரியை மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு நான் சொல்லக்கூடியது சிறிது. பரணில் கிடக்கும் வீணையையோ, சதுரங்கப் பலகையையோ, தபால்தலைப் புத்தகத்தையோ கீழே இறக்கத் தயங்க வேண்டாம். விட்ட இடத்தைத் தேட வேண்டாம். இருக்கிற இடத்திலிருந்து தொடங்குங்கள். ஓய்வு பெறும் வரையிலும் காத்திருக்க வேண்டாம். மூடி வைத்த பெட்டியில்தான் பூச்சி தங்குகிறது. ஆனால் நீங்கள் விட்டதைக் கணக்கெடுப்பதற்கு முன், உங்கள் வீட்டில் உள்ள மற்றவர் எதை விட்டார், எந்த நாளில் விட்டார், யார் சொல்லி விட்டார் என்று ஒரு முறை கேளுங்கள். குரல் மிஞ்சியிருக்கும்போதே கேளுங்கள்.

சுருதிப் பெட்டி இப்போது பரணில் இல்லை. துருத்தியின் கிழிசலைத் தைத்து, பியானோவின் மேல் வைத்திருக்கிறேன். பியானோவுக்குள் எரியும் விளக்கின் சூடு அதற்கும் சிறிது எட்டுகிறது. அவள் அதை இன்னும் திறக்கவில்லை. நான் தினமும் தூசி துடைத்து, இருந்த இடத்திலேயே வைக்கிறேன்.